சந்தைக் குறுக்கியது யார்?

காசிமேட்டில் எரிந்தாலும் திருவொற்றியூரில் எரிந்தாலும் மறுநாள் பேப்பரில் ஒரே வரிதான்: சந்து குறுகல், தீயணைப்பு வண்டி உள்ளே போக முடியவில்லை. சந்து என்ன வானத்திலிருந்தா விழுந்தது? அதைக் குறுக்கியது யாருன்னு எவனாவது எழுதுறானா?

லேட்டா வந்தீங்கன்னு நம்ம சனம் தீயணைப்புக்காரன் சட்டையைப் பிடிக்குது. அவன் படும் பாட்டையும் பாருங்கள். எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வருஷக்கணக்காக வழியை அடைத்து நின்றிருக்கின்றன. அதைத் தாண்டி வந்தாலும் தெருமுனையோடு வண்டி நின்றுவிடும். அங்கிருந்து ஹோஸைத் தோளில் போட்டுக்கிட்டு ஓடணும். தலைக்கு மேல கரண்டுக் கம்பி. கடல்காத்து ஓலையிலிருந்து தார்ப்பாய்க்கு நெருப்பைத் தூக்கிக்கிட்டுப் போகும். பக்கத்துக் கூரையைப் பிய்த்தால்தான் மிச்சக் குடிசை தப்பும். வண்டித் தண்ணியோ சில நிமிஷத்தில் காலி. குடிக்கவே லாரித் தண்ணிக்குக் குடத்தோடு நிற்கிற இடத்தில் அடுத்த தண்ணிக்கு எங்கே போறது? எந்தக் குடிசையில் சிலிண்டர் சூடேறிக் கிடக்குதோ, அதுவும் தெரியாது. 2017 ஜூலையில் கொடுங்கையூரில் ஒரு பேக்கரித் தீயை அணைக்கப் போன இடத்தில் சிலிண்டர் வெடித்தது. ஒரு தீயணைப்பு வீரர் செத்தார். கூடி நின்ற மக்கள் பலர் வெந்தார்கள்.

இதே வட்டாரத்தில்தான் மணலி எண்ணெய் ஆலையும் இருக்கு. அங்கே தொட்டிகளைச் சுற்றி வளையமாகத் தண்ணீர்க் குழாய், நுரை, சொந்தத் தீயணைப்பு வண்டி, அது ஓட அகலமான ரோடு. எண்ணெய்க்கு இத்தனை காவல். மதில் சுவருக்கு வெளியே மனுசனுக்கு?

1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தது. 1971-ல் சட்டம் வந்தது. தெருவை அகலப்படுத்து, தண்ணீர்க் குழாய் போடு என்றெல்லாம் அதில் இருக்கு. அந்த வருஷம் சென்னையில் 1,202 சேரிகளை அறிவித்தார்கள். 1985-ல் இன்னும் 17. அதற்கப்புறம் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒன்றுகூட இல்லை. அறிவிக்காத சேரி அரசாங்கத்துக்கு ஆக்கிரமிப்பு. ஆக்கிரமிப்புக்கு எதுக்கு ரோடு, எதுக்குக் குழாய்? சந்து இப்படித்தான் குறுகியது. வாரியத்துக்கு 2021-ல் பெயரை மாற்றினார்கள். சந்து மாறவில்லை.

வெண்மணிக்கு முன்னாடியே, 1921-ல், பின்னி மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகளைக் கொளுத்தினார்கள். அன்றைக்குக் கொளுத்த ஆள் வேண்டியிருந்தது. இன்றைக்குப் பட்டாவும் தண்ணியும் தராமல் இருந்தாலே போதும், ஒரு பொறி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். எரிந்த பிறகு "இங்கே பாதுகாப்பில்லை, கண்ணகி நகருக்குப் போ, பெரும்பாக்கத்துக்குப் போ" என்பார்கள். வலை இங்கே, துறைமுக வேலை இங்கே, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இங்கே. ஊரின் தெற்கு மூலையில் போய் எதைத் தின்பது?

தோழர்களே, அடுத்த முறை தீ என்றால் வாளியோடு ஓடுங்கள். ஹோஸ் இழுக்கிறவனுக்குக் கை கொடுங்கள், அவன் நம்ம எதிரி இல்லை. அணைந்ததும் வீட்டுக்குப் போயிடாதீங்க. டேப் எடுத்துச் சந்தை அளங்கள். தண்ணி எத்தனை தூரத்தில் இருக்குன்னு எழுதுங்கள். அந்தக் காகிதத்தோடு மண்டல அலுவலகத்தில் போய் உட்காருங்கள். இருக்கிற இடத்திலேயே பட்டா, வண்டி போகும் வழி, தெருமுனையில் தண்ணி. வாங்காமல் எழுந்திருக்காதீங்க.