சுட்டுவிரலின் உரிமை

மக்கள் தம் கருத்தைப் பிறர்க்கு உணர்த்தும் கருவிகளுள் மொழியே தலைசிறந்தது என்பர். அது மெய்யே. ஆயினும் நா பேசுமுன்னரே கை பேசத் தொடங்கிவிடுகின்றது. ஏறத்தாழ ஓராண்டு நிரம்பிய குழவி, சொற்கள் செவ்வனே வாராத பருவத்தில், தன் சுட்டுவிரலை நீட்டி நிலவைக் காட்டுகின்றது. காட்டிய பின் தாயின் முகத்தையும் திரும்பி நோக்குகின்றது. தான் காண்பதை அவளும் காணல் வேண்டும் என்பதே அதன் விருப்பம். நம் இலக்கண நூலாரும் அ, இ, உ என்னும் மூன்றெழுத்துக்களுக்குச் சுட்டு என்றே பெயரிட்டனர். எதிரில் நிற்கும் பொருளைக் குறித்து ‘அது’ என்றும் ‘இது’ என்றும் கூறுங்கால், விரலோ கண்ணோ துணை நில்லாவிடின் பொருள் முற்றுப்பெறாமை யாவரும் அறிந்ததே.

இச்சிறு விஷயத்தை ஈண்டு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மேசையைச் சூழ்ந்திருந்து ஆடும் ஆட்டங்கள் பல இக்காலத்தில் இணையத்தின் வாயிலாக ஆடப்படுகின்றன. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் இயற்றி வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்பது அவற்றுள் பெயர்பெற்றது. ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் அக்கதையின் மாந்தராக நின்று, பகடை உருட்டித் தம் செயல்களின் பயனைத் துணிவர். தொலைவில் உள்ளோர் ஒருங்கு கூடி இவ்வாறு ஆடுதற்கு ரோல் 20, டேபிள்டாப் சிமுலேட்டர், ஃபவுண்ட்ரி முதலிய மென்பொருள்கள் 2012-ஆம் ஆண்டு தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின.

மேசையருகே இருந்து ஆடுவோர்க்கு ஓர் இடரும் இல்லை. ‘இக்கதவைத் திறப்பேன்’ என்று ஒருவர் விரலை வைத்தால் அனைவரும் அறிவர். கணினித் திரையிலோ ஒருவர் படத்தைப் பெருக்கியும் மற்றொருவர் சுருக்கியும் பார்ப்பர். ஒருவர்க்கு மேல்மூலையில் உள்ள கதவு மற்றொருவர்க்கு நடுவில் இருக்கும். வேறொருவர் திரையில் அது தோன்றவே தோன்றாது. ‘எந்தக் கதவு?’ ‘மேலே உள்ளது.’ ‘எதற்கு மேலே?’ என்று இவ்வாறு கதை நின்றுபோகும்.

இவ்விடர் நீக்கவே சுட்டுங் கருவிகள் அமைந்தன. ரோல் 20 படத்தின்மேல் சுட்டியின் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால், அழுத்தியவர்க்குரிய நிறத்தில் ஓர் அடையாளம் எல்லார் திரையிலும் தோன்றி மறையும். இதனைப் ‘பிங்’ என்பர். டேபிள்டாப் சிமுலேட்டரில் ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு நிறத்தில் மேசைமேல் உலவக் காணலாம். இஃது இன்று நேற்றுத் தோன்றிய எண்ணமும் அன்று. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அறிஞர், தொலைவிலிருந்த தம் துணைவரோடு ஒரே திரையைப் பகிர்ந்து, இருவர் சுட்டுக்குறிகளும் அதில் இயங்குமாறு செய்து காட்டினார்.

நிற்க. ஆட்டத்தை நடத்துவோர் சிலர் இக்கருவியைத் தமக்கே வைத்துக்கொண்டு, ஆடுவோர்க்கு மறுத்துவிடுகின்றனர். ஃபவுண்ட்ரி போன்றவற்றில் இவ்வனுமதியைத் தரவும் மறுக்கவும் வழியுண்டு. எல்லாரும் சுட்டத் தொடங்கினால் படம் மின்மினிக் கூட்டமாகிவிடும் என்பது அவர்கள் கூறும் காரணம். சொல்லால் வளரும் கதைக்குச் சொல்லே போதும் என்று உரைப்பாரும் உளர். இவ்விரண்டும் முற்றிலும் பொய்யல்ல. படமே விரியாத ஆட்டத்தில் சொல்லே போதும். விரித்த பின்னரோ, பார்க்கலாம், ஆனால் சுட்டலாகாது என்பது முறையாகாது.

யான் சேர்ந்து ஆடும் குழுவில் திக்கிப் பேசும் நண்பர் ஒருவர் உளர். நேரில் ஆடிய நாட்களில் அவர் நல்ல சூழ்ச்சியாளர். இணையத்திற்கு மாறிய பின், எங்கள் குழுவிலும் சுட்டும் உரிமை நடத்துவோர்க்கே இருந்தது. நண்பர் ஓர் இடத்தைச் சொல்லி முடிக்குமுன் மற்றவர் ஆட்டத்தை நகர்த்திவிடுவோம்; அவரும் மெல்லப் பேசாதிருக்கப் பழகிவிட்டார். அவர்க்கு ஆர்வம் குன்றிற்று என்றே நாங்கள் எண்ணினோம். பின்னர் ஒருநாள் அவ்வுரிமை எல்லார்க்கும் வழங்கப்பட்டது. அன்று பாலம் ஒன்றைக் கடக்க நாங்கள் வழக்கிட்டுக்கொண்டிருக்கையில், அவர் நிறமாகிய நீலத்தில் ஓர் அடையாளம் ஆற்றின் ஆழமற்ற துறையில் தோன்றியது. எல்லாரும் வாய்மூடினோம். ‘இங்கே’ என்னும் ஒரு சொல்லே அவர்க்கு வேண்டியதாயிருந்தது. அதுகாறும் குன்றியது அவர் ஆர்வமன்று, எங்கள் பொறுமையே என்று அன்று உணர்ந்தேன்.

ஆதலின் என் அபிப்பிராயம் இது. சுட்டுதல் வேறு, காயை நகர்த்துதல் வேறு, பிறர் பார்வையை இழுத்தல் வேறு. காயை நகர்த்துதல் ஆட்டத்தின் நிலையை மாற்றும். அதற்கு வரம்பு வேண்டும். எல்லார் திரையையும் ஓரிடத்திற்கு ஈர்க்கும் ஆற்றல் நடத்துவோர்க்கு உண்டு; அது பிறர் முகத்தைப் பற்றித் திருப்புதல் போன்றது. அதனை நடத்துவோரும் அருகியே பயன்படுத்தல் நன்று. சுட்டும் அடையாளமோ நொடியில் மறைவது, எதனையும் மாற்றாதது, நிறத்தால் தன் உரியவரை அறிவிப்பது. அதனை யாவர்க்கும் அளித்தலே முறை. மிகையாகச் சுட்டுவோரை ஒரு சொல்லால் திருத்தலாம். சுட்டவியலாது அமைந்திருப்போரின் குறையையோ நாம் அறியவும் மாட்டோம்.

இஃது ஆட்டத்தோடு நிற்பதும் அன்று. திரைவழிப் பாடம் நடக்குங்கால் பெரும்பாலும் ஆசிரியர் குறி ஒன்றே பலகைமேல் உலவுகின்றது. ‘ஐயா, இவ்வரி விளங்கவில்லை’ என்று காட்ட மாணவர்க்கு விரல் இல்லை. பேச வல்லார் எவ்வாறேனும் பேசிவிடுவர். ஏனையோர் விளங்கிற்று என்று தலையசைத்து அமர்ந்திருப்பர். ஆசிரியரும் மாணவரும் இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பாராக.