மேசையில் இடம்பெறாதோர்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்களைச் சிறு பொம்மைகளாலும் பகடைகளாலும் மேசைமீது மீள நடத்துவோர், அதனை வரலாற்றுப் பயிற்சி என்பர். அக்கூற்றைக் கண்டமாக் போரைக் கொண்டு சோதித்தல் தகும்.

1839இல் ஆப்கானிஸ்தானுட் படையெடுத்துப் புகுந்த பிரித்தானியர், 1842 ஜனவரி 6இல் காபூலை விட்டுப் பின்வாங்கினர். படையினர் ஏறத்தாழ 4,500 பேர். அவருட் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். உடன் நடந்த ஏவலாளர், பெண்கள், குழந்தைகள் ஏறத்தாழ 12,000 பேர். குளிரும் பசியும் கணவாய்களிற் பொழிந்த குண்டுகளும் ஒரு வாரத்துள் அக்கூட்டத்தைச் சிதைத்தன. 13ஆம் நாள், 44ஆம் படைப்பிரிவில் எஞ்சிய சிலர் கண்டமாக் குன்றில் இறுதியாக நின்று பொருதினர்.

ஆட்டக்காரரைக் கவர்வது அக்குன்றே. பனியிற் கைவிடப்பட்டோருக்குப் பொம்மை இல்லை. பின்காவல் என்பது முன்னே செல்வோரைக் காத்தற்பொருட்டுப் பின்னே நிற்றலாகும். காக்கப்படவேண்டியோரை நீக்கிக் காவலரை மட்டும் நிறுத்தும் ஆட்டம் எதனைக் கற்பிக்கும்?

பொம்மைப் போர் மெய்ப்போரின் மடமையை உணர்த்தும் என, 1913இல் வெளிவந்த ‘லிட்டில் வோர்ஸ்’ என்னும் நூலில் எச். ஜி. வெல்ஸ் வாதிட்டார். வாதம் நன்று. ஆயின், அம்மடமைக்கு விலை கொடுத்தோரும் மேசையில் இருத்தல் வேண்டுமன்றோ?

ஆட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை; அதன் கணக்கைத் திருத்தினாற் போதும். வீழ்த்திய பகைவரின் தொகையை விடுத்து, ஜலாலாபாத்தை உயிரோடு அடைந்த மக்களின் தொகையால் வெற்றி அளக்கப்படட்டும். அப்போது பகடை உருட்டும் கை தயங்கும். வரலாற்றுப் பயிற்சி அத்தயக்கத்திலேயே தொடங்குகின்றது.