கோகர்ணம் போகட்டும், விடுங்கள்

போன டிசம்பரில் எங்கள் வீட்டில் ஒரு சிறு யுத்தம் நடந்தது. கல்லூரியில் படிக்கும் என் பேத்தி, இரண்டு தோழிகளுடன் ஆளுக்கொரு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கோகர்ணத்துக்குப் போகப் போவதாகவும், கடலோரக் குடிசையில் ஐந்து நாள் தங்கப் போவதாகவும் அறிவித்தாள். மகன் முடியாது என்றான். மருமகள் அழுதாள். "கோவில் ஊர்தானே, போகட்டுமே" என்று பரிந்து பேசிய என் மனைவியும், அங்கே வெள்ளைக்காரர்கள் கூடும் கடற்கரைகள் உண்டு என்று கேள்விப்பட்டதும் கட்சி மாறிவிட்டாள். கடைசியில் "தாத்தா கூடப் போனால் சரி" என்று தீர்ப்பாயிற்று. ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் தண்டவாளத்தோடு வாழ்ந்தவனைக் கார்டாக ஏற்றி அனுப்பினார்கள்.

கோகர்ணம் என்றதும் நம்மில் பலர் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தை நினைப்பார்கள். இது கர்நாடகக் கடற்கரையில் உள்ளது. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். துளுவ நாட்டில் பாடல் பெற்ற தலம் இது ஒன்றுதான். ராவணன் கொண்டுவந்த ஆத்மலிங்கத்தைச் சிறுவன் வடிவில் வந்த பிள்ளையார் கீழே வைத்துவிட, அவன் பெயர்க்க முயன்றும் முடியாமல் அது பசுவின் காதுபோல் முறுக்கிக்கொண்டதாம். முன்பெல்லாம் ஹூப்ளி வரை ரயிலில் போய், மலை இறங்கும் பஸ்ஸில் குலுங்கிப் போக வேண்டும். 1998 ஜனவரியில் கொங்கண் ரயில்வே முழுதும் திறக்கப்பட்ட பிறகு நிலைமை மாறிற்று. நாங்கள் நிஜாமுதீனில் மங்களா எக்ஸ்பிரஸ் ஏறி, மட்காவில் பாசஞ்சர் மாறிக் கோகர்ணா ரோடில் இறங்கினோம். வழியில் ஆறரைக் கிலோமீட்டர் நீளக் கர்புடே சுரங்கத்துக்குள் வண்டி போனபோது பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்பிக் காட்டினேன்; நன்றி சொல்லவில்லை!

முதல் நாள் கோவிலை ஒட்டிய விடுதியில் தங்கினேன். மறுநாள் பேத்தி என்னைக் குன்றுக்கு மேலாக நடத்தி, குட்லே கடற்கரைக்கு அழைத்துப் போனாள். அதையும் தாண்டினால் ஓம் என்ற எழுத்தின் வடிவில் வளைந்த ஓம் கடற்கரை. குட்லேயில் எங்களுக்குக் கிடைத்தவை ஓலைக் கூரை, கட்டில், கொசுவலை, பொதுக் குளியலறை. குடிசை ஒன்றுக்கு இரவு 700 ரூபாய். அதை நடத்திய கன்னட அம்மாள் என்னை "அஜ்ஜா" என்று கூப்பிட்டு, நம் ரசத்துக்குத் தம்பி போன்ற சாறும் சோறும் போட்டாள். டெல்லியின் ஜனவரிப் பனிமூட்டத்தில் இருமிக்கொண்டிருந்தவன், ஐந்து நாளும் மூச்சு முட்டாமல் தூங்கினேன். மாலையில் சூரியன் கடலுக்குள் இறங்கும்போது கரையில் யாரும் பேசுவதில்லை.

பக்கத்துக் குடிசையில் ஜெர்மனிக்காரப் பள்ளி ஆசிரியை ஒருவர். ஒவ்வொரு குளிர்காலத்திலும் வந்து மாதக்கணக்கில் தங்குகிறாராம். தன் துணியைத் தானே துவைக்கிறார். அந்த அம்மாளிடமே தினமும் சாப்பிட்டுக் கணக்கு வைக்கிறார். அவரைப் பார்த்தபோது எனக்கு என் பாட்டனார் ஞாபகம்தான் வந்தது. ஒரு மூட்டை, ஒரு கூஜாவுடன் காசிக்குப் போய், நகரத்தார் சத்திரத்தில் தங்கிவிட்டு வந்தவர் அவர். அதை நாம் புண்ணியம் என்கிறோம். அதே சிக்கனத்தோடு அதே மூட்டையைப் பேத்தி தூக்கினால் ஊர்சுற்றல் என்கிறோம். இது எந்த ஊர் நியாயம்?

நம் டெல்லித் தமிழ்க் குடும்பங்களின் விடுமுறைகளை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், தி. நகர், இரண்டு கல்யாணம், நாலு கோவில், திரும்பி வந்து மலை மந்திரில் ஒரு அர்ச்சனை. கடல் என்றால் மெரீனாவில் சுண்டலோடு அரை மணி. கையில் காசு சேர்ந்தால் கோவாவில் பெரிய ஓட்டலில் மூன்று நாள். அங்கேயும் நீச்சல் குளத்தோரம்தான் உட்கார்ந்திருப்போம். ஓர் இடத்தில் சும்மா இருக்க நம் பிள்ளைகளுக்கு நாம் கற்றுத் தரவேயில்லை.

கஞ்சா இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கும். டெல்லியில் இல்லையா? என் கண்ணில் பட்ட தொல்லை வேறு. சனிக்கிழமை கார்களில் வந்து, பாட்டை அலறவிட்டு, பாட்டில்களை மணலில் எறிந்துவிட்டு ஞாயிறு மாலை கிளம்புகிறவர்களிடம் பணத்துக்குக் குறைவில்லை. அமைதியாக இருந்தவர்கள் 700 ரூபாய்க் குடிசைக்காரர்கள்தாம்.

நான் உண்மையில் பயந்தது கடலுக்கு. கோகர்ணத்தில் மூழ்கிய பயணிகளைப் பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். அலை கொண்டுவந்த நீர் சில இடங்களில் ஒடுங்கிய ஓடைபோல் வேகமாகக் கடலுக்குத் திரும்பும். அங்கே அலை உடையாது. பார்க்கச் சாதுவாக இருக்கும். அறியாதவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். மழைக்காலத்தில் இறங்கவே கூடாது. இதைப் பெண்களிடம் விளக்கியபோதுதான் தெரிந்தது, மூவரில் ஒருத்திக்குத்தான் நீந்தத் தெரியும். என் பேத்திக்குத் தெரியாது. பத்து வருஷம் பாட்டு வகுப்புக்கும் பரதநாட்டிய வகுப்புக்கும் கொண்டுபோய் விட்டவன் நான். நீச்சல் வகுப்பு ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் போகக் கூடாது என்று சிவப்புக் கொடி காட்டினேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தபோது குற்றம் யாருடையது என்று எனக்குத் தெரிந்தது.

மகனுக்கு நான் சொன்னது இதுதான்: அடுத்த முறை அவளைத் தனியாக அனுப்பு, அதற்கு முன் நீச்சல் கற்றுக்கொடு. இந்த ஏப்ரலில் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். மகன் இன்னும் சரி என்று சொல்லவில்லை. என் மனைவி மட்டும், அந்தக் குடிசையில் வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டுச் சொல்லச் சொன்னாள்.