"ஓடிடில வரட்டும், பாத்துக்கலாம்" என்பவர்களுக்கு

நகரத்துச் சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

பெரிய ஹீரோ படம் வந்தா முதல் நாள் டிக்கெட்டுக்கு அடிச்சுக்கிறீங்க. கிராமத்தைப் பத்தி ஒரு படம் வந்தா மட்டும், "நல்லா இருக்காம், ஓடிடில வரட்டும், பாத்துக்கலாம்"னு சொல்றீங்க. இது தலைகீழ்க் கணக்கு.

'கடைசி விவசாயி'யையே எடுத்துக்குங்க. 2022 பிப்ரவரியில தியேட்டருக்கு வந்துச்சு. மணிகண்டன் இயக்கி, அவரே ஒளிப்பதிவும் செய்த படம். மாயாண்டியா நடிச்ச நல்லாண்டி ஐயா நிஜத்துலயும் விவசாயி. படம் வெளியாகுறதுக்கு முன்னாடியே காலமாயிட்டார். அடுத்த மாசமே படம் ஓடிடிக்கு வந்துருச்சு. பின்னாடி தேசிய விருதும் கிடைச்சுது. "அடடா, தியேட்டர்ல பாக்காம விட்டுட்டோமே"ன்னு என்கிட்டயே எத்தனை பேர் சொன்னாங்க!

அந்தப் படத்துல சண்டை இல்ல, பஞ்ச் டயலாக் இல்ல. காது மந்தமான ஒரு பெரியவர் குலசாமிக்காக நெல்லு போடுறார். பொய் கேசுல அவரை உள்ள வெச்சதும், பயிர் காயுமேங்கிற தவிப்புதான் கதை. அந்தத் தவிப்பு நம்ம நெஞ்சுல இறங்கணும்னா இருட்டுல, முழுசா, எந்திரிக்காம உக்காந்து பாக்கணும். வீட்டுல என்ன நடக்குது? குக்கர் விசில், வாட்ஸப், நடுவுல பத்து பத்து செகண்டா தள்ளிவிடுறது. நாத்து விட்ட மறுநாளே தள்ளிவிட்டு அறுப்புக்குப் போக முடியுமாங்க? அடிதடிப் படத்தைப் போன்ல பாத்தாலும் புரிஞ்சுரும். மெதுவா நகர்ற படத்துக்குத்தான் தியேட்டர் வேணும்.

"குடும்பத்தோட போனா ஆயிரம் ரெண்டாயிரம் ஆகுதே"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். டிக்கெட்டை விடப் பாப்கார்ன் விலை கூட இருக்குற கொள்ளையை நான் ஆதரிக்கல. ஆனா அதே செலவைப் பெரிய படத்துக்கு முகம் சுளிக்காமப் பண்றீங்களே?

எங்க கதை வேற. எங்க ஊர் டூரிங் கொட்டகை போய் ரொம்ப வருஷமாச்சு. இப்ப படம் பாக்க டவுனுக்குத்தான் போகணும். ராத்திரி ஆட்டம் விட்டா பஸ் கிடையாது, விடிஞ்சா பால் கறக்கணும். நாங்க போன்ல பாக்குறது வேற வழியில்லாம. உங்களுக்கு ஆட்டோ தூரத்துல அஞ்சாறு திரை இருக்கே!

வாங்க ஆளில்லாத காயை எந்த விவசாயியும் அடுத்த போகம் போட மாட்டான். "சாமை உடம்புக்கு நல்லது"ன்னு எல்லாரும் சொன்னாங்க, விளைஞ்சதை வாங்கத்தான் ஆளில்ல. எங்க பக்கம் அதை விதைக்கிறதையே விட்டுட்டோம். படமும் அப்படித்தான். முதல் மூணு நாள் சீட்டு காலியாக் கிடந்தா, நாலு காட்சி ஒண்ணாகும். அடுத்த வெள்ளிக்கிழமை படத்தையே தூக்கிருவாங்க. நீங்க பாராட்டி எழுதுறப்போ அங்க வேற போஸ்டர் ஒட்டியிருக்கும். ஓடிடிக்காரங்களும் விலை பேசுறப்போ, தியேட்டர்ல எப்படி ஓடுச்சுன்னு கேக்கத்தான் செய்றாங்க. அப்புறம் எந்தத் தயாரிப்பாளர் ஒரு கிழவரையும் வயலையும் நம்பிப் பணம் போடுவார்?

அதனால, அடுத்து இந்த மாதிரி ஒரு படம் வந்தா முதல் ஞாயித்துக்கிழமைக்குள்ள போய்ப் பாருங்க. பிடிக்கலைன்னா வெளிய வந்து தாராளமாத் திட்டுங்க. 'விவசாயி வாழ்க'ன்னு போடுற ஸ்டேட்டஸை விட, காசு கொடுத்துப் பாத்துட்டுத் திட்டுறது எங்களுக்கு எவ்வளவோ மேல்.