மதில் போனது, வீதி நின்றது

எங்கள் திண்ணனூர் நாட்டுக்கு மதில் கிடையாது. கொல்லிமலையின் 14 நாடுகளில் எதற்கும் கிடையாது. எல்லை கேட்டால் ஓர் ஓடையையோ மேட்டையோ கைகாட்டுவார்கள். ராஜா இருந்த ஊர் என்றால் கோட்டை இருக்கும் என்ற நினைப்போடுதான் முதல்முறை மதுரைக்குப் போனேன். பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கி, "கோட்டை எங்கண்ணே இருக்கு?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன். "நீங்க நிக்கிறதே கோட்டையிலதான் தம்பி. இதான் மேலவெளி வீதி" என்றார்.

அவர் விளையாடவில்லை. விசுவநாத நாயக்கர் கட்டிய கோட்டைக்கு அகழியும் மதிலும் 72 கொத்தளங்களும் இருந்தன. கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் காவல். 1801இல் வெள்ளைக்காரர்கள் பாளையக்காரர்களை ஒடுக்கிவிட்டார்கள். அதன்பிறகு மதிலுக்கு என்ன வேலை? உள்ளே ஜன நெருக்கடி, வெளியே தேங்கிய அகழித் தண்ணீர்.

1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடிக்க ஒரு வழி கண்டார். மதிலை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த நிலம். கொத்தளம் நின்ற இடத்தில் வீடு முளைத்தது, வெளி வீதிகள் பிறந்தன. வேலையை முன்னின்று நடத்திய மாரட், பெருமாள் மேஸ்திரி இருவர் பெயரிலும் இன்றைக்கும் வீதிகள் உண்டு. நாயக்கர் தலைநகரின் வரைபடத்தில் ஒரு மேஸ்திரிக்கு இடம் கிடைத்தது அப்போதுதான். பிளாக்பர்னுக்கு ஊரார் எழுப்பிய விளக்குத்தூண் இப்போது ஒரு வட்டாரத்தின் பெயர். யாருக்காக நட்டது என்று பலருக்குத் தெரியாது.

இடித்தவன் வெள்ளைக்காரன் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. திருமலை நாயக்கர் மகாலின் பெரும்பகுதியைப் பிரித்தவர் அவருடைய பேரன் சொக்கநாதரே. மிஞ்சியதைச் செப்பனிட வைத்தவர் கவர்னர் நேப்பியர். மகால் நீதிமன்றமானது, ராஜா நீதி சொன்ன இடத்தில் ஜட்ஜ் உட்கார்ந்தார்.

மதில் போனதைவிடப் பெரிய மாற்றம் மேற்கே நடந்தது. 1875இல் ரயில் வந்தது, 1890களில் ஹார்வி மில் வந்தது. கோயிலைச் சுற்றியே வளர்ந்த ஊர், சங்குச் சத்தத்துக்கும் ரயில் நேரத்துக்கும் எழுந்திருக்கப் பழகியது. ஆனாலும் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதப் பெயர் கொண்ட வீதிகளை எந்தக் கலெக்டரும் தொடவில்லை. அங்கே தேர் ஓடியது. ஜனங்களின் கால் பட்டுக்கொண்டே இருந்தது.

அதனால் எனக்குத் தோன்றுவது இதுதான்: ராஜாவைக் காக்கக் கட்டியது ராஜாவோடு போகும். ஜனங்கள் புழங்குவது நிற்கும். எங்கள் மலையிலும் அப்படித்தான். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் கோட்டையைக் காட்ட எங்களிடம் ஒரு கல் இல்லை. திண்ணனூர் நாடு மட்டும் இன்றும் ஊராட்சிப் பலகையில் அதே பெயரோடு நிற்கிறது.