கண்ணாடி வாங்கக் கணக்குப் பார்க்கலாமா?

மளிகைக் கடை ஒன்றை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்திய காலம் மலையேறி வருகிறது. பெரிய அங்காடிகளும், வீடு தேடி வரும் விநியோகமும் நம் விற்பனையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு விட்டன. எனவே நம்மில் பலர் பக்கத் தொழில் ஒன்றைக் கையில் எடுத்திருக்கிறோம். அவற்றுள் ஒன்று தோட்டப் பராமரிப்பு. அடுக்குமாடிக் குடியிருப்பு, திருமண மண்டபம், பள்ளிக்கூடம் என்று பார்க்கும் இடமெல்லாம் இன்று புல்தரை இருக்கிறது. புல்லை வெட்ட ஆள் வேண்டும். செடிகளின் வேரடிக்கு மூடாக்குப் போட ஆள் வேண்டும். தேங்காய் மண்டி நடத்துவோருக்கு மட்டையும் நார்க்கழிவும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. ஒரு மிஷின், இரண்டு ஆட்கள், ஒரு சிறு வண்டி இருந்தால் தொழில் தொடங்கிவிடலாம்.

இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் பருப்பு நிறுத்துப் போடுவது வேறு, சுழலும் கத்தியோடு வேலை செய்வது வேறு. இந்த வேறுபாட்டை மறந்ததால் நேர்ந்த ஒரு சம்பவத்தை நாம் நேரில் அறிவோம். நம்மைப் போன்ற வியாபாரி ஒருவர், போட்டிக்காகக் கட்டணத்தைக் குறைத்து ஒரு வளாகத்தின் வேலையைப் பிடித்தார். குறைத்த பணத்தை எங்கே சரிக்கட்டுவது? ஆளுக்கு ஒரு கண்ணாடி வாங்கவில்லை. வெட்டும் இடத்தில் கிடந்த கல்லைப் பொறுக்க ஒரு மணி நேரம் ஒதுக்கவில்லை. மூன்றாம் நாள் கத்தியில் பட்டுத் தெறித்த சிறு கல் ஒன்று, வேலை செய்த இளைஞனின் கண்ணில் பாய்ந்தது. அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய். போனதற்கு எந்தப் பேரேட்டிலும் கணக்கு எழுத முடியாது.

பாதுகாப்பு என்பது மேல்செலவு அல்ல. அது தொழிலின் முதல் என்பதே நம் கருத்து. தராசும் படிக்கல்லும் இல்லாமல் நாம் கடை திறப்பதில்லை. அதுபோலக் கண்ணாடியும் முகத் தடுப்பும் காலுறை மூடிய கனத்த செருப்பும் இல்லாமல் மிஷினை வெளியே எடுக்கக் கூடாது. தோளில் மாட்டும் புல்வெட்டும் மிஷின் ஓடும்போது சுற்றிலும் 15 மீட்டருக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது என்று அதனுடன் வரும் கையேடுகளே சொல்கின்றன. அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

“ஆட்களே மாட்ட மறுக்கிறார்கள், வெயிலில் புழுங்குகிறது என்கிறார்கள்” என்று சில நண்பர்கள் சொல்வதுண்டு. உண்மைதான். அதற்கு வழி, காலை ஆறு மணிக்கு வேலையைத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பது. காற்றுப் புகும் வலை முகத்தடுப்பைக் கண்ணாடிக்கு மேல் மாட்டக் கொடுப்பது. “பழகிப் போச்சு முதலாளி” என்பவரிடம் அன்று மிஷினைக் கொடுக்காமல் இருப்பது. ஒரு நாள் வேலை நின்றால் மறுநாள் தானாக மாட்டிக்கொள்வார்.

பெட்ரோல் விஷயத்திலும் நமக்கு அலட்சியம் அதிகம். ஓடி நின்ற சூட்டோடு மிஷினில் பெட்ரோல் ஊற்றுவது நெருப்போடு விளையாடுவதாகும். பத்து நிமிடம் ஆறவிட்டு, திறந்த வெளியில், பீடி சிகரெட் அருகில் இல்லாமல் ஊற்ற வேண்டும். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை உரிமம் இன்றி வைத்துக்கொள்ளலாம். அதற்காகக் கடையின் சரக்கறையில், எண்ணெய் டின்களுக்கும் சாக்கு அடுக்குகளுக்கும் நடுவில் கேனைச் சொருகி வைக்கலாமா? மின்சார மிஷின் என்றால் ஈரப் புல்லில் ஓட்டக் கூடாது. ஒட்டுப் போட்ட வயர் கூடாது. 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் உள்ள இணைப்பிலிருந்தே மின்சாரம் எடுக்க வேண்டும்.

மூடாக்கில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். காய்ந்த நார்க்கழிவில் ஒரு பொறி விழுந்தால் மேலே தெரியாமல் உள்ளுக்குள் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். ஈரமான புல்லை உயரமாகக் குவித்து வைத்தால் அது தானே சூடேறும். எனவே குவியல் தாழ்வாகவும் கடைச் சுவரிலிருந்து தள்ளியும் இருக்க வேண்டும். உலர்ந்த தூளை அள்ளும்போது லேசாகத் தண்ணீர் தெளித்து, மூக்கை மூடிக்கொள்வது நுரையீரலுக்கு நல்லது. செடிக்குப் போடும்போது இரண்டு, மூன்று அங்குலக் கனம் போதும். அடிமரத்தை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும், கறையானும் வரும். நான்கு விரல் இடைவெளி விட வேண்டும். மரம் பட்டுப் போனால் வாடிக்கையாளரும் போவார்.

குவியலில் பாம்பும் குடியிருக்கும். வெறுங்கையை உள்ளே விடாமல், முதலில் நீண்ட கம்பால் கிளற வேண்டும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108க்குச் சொல்லி, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

இனி, மளிகைக்காரர்களாகிய நாம் மிகவும் கவனிக்க வேண்டிய செய்திக்கு வருகிறோம். அது களைக்கொல்லி. 1958ஆம் ஆண்டு கேரளத்தில் பாரத்தியான் என்ற நச்சு மருந்து கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கப்பலில் உணவுச் சரக்கையும் மருந்தையும் ஒன்றாக ஏற்றி வந்ததே அதற்குக் காரணம். அந்தத் துயரத்தின் விளைவாகவே 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971இல் அதன் விதிகளும் வந்தன. நச்சு மருந்து உணவுப் பொருளோடும் கால்நடைத் தீவனத்தோடும் படும்படி வைக்கவோ ஏற்றவோ கூடாது என்று விதி சொல்கிறது. சட்டம் வந்து பல்லாண்டுகள் ஆன பின்பும், 2013இல் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்ததாக ஆய்வில் தெரிந்தது. எண்ணெயும் அரிசியும் விற்கிற நமக்கு இதைவிடப் பெரிய பாடம் எது?

களைக்கொல்லியும் அந்தச் சட்டத்துக்குள் அடங்கியதே. அதை விற்பதற்கு மட்டுமல்ல, அதைக் கூலிக்குத் தெளித்துத் தருவதைத் தொழிலாகச் செய்வதற்கும் உரிமம் வேண்டும். பாராகுவாட் போன்ற களைக்கொல்லி வயிற்றுக்குள் சென்றுவிட்டால் அதற்கு மாற்று மருந்தே கிடையாது. அத்தகைய மருந்தைக் காலிக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதைப் பாவம் என்றே நாம் சொல்வோம். உரிமம் இல்லாதவர்கள் களையைக் கையால் பிடுங்கி, மூடாக்குப் போட்டு அடக்குவதே சரி. மூடாக்கின் முக்கியப் பலனே களையை அடக்குவதுதானே!

ஆளுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் உண்டு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் முதல் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வரை, வேலையின்போது வேலையின் காரணமாக நேரும் விபத்துக்கு முதலாளியே பொறுப்பு என்பதுதான் அடிப்படை. “தினக்கூலிதானே” என்று கை கழுவ இயலாது. காப்பீட்டுக்கு ஆண்டுதோறும் கட்டும் தொகை, ஒரு விபத்துக்குக் கொடுக்க வேண்டியதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

நமது சங்கத்துக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, இத்தொழில் செய்யும் உறுப்பினர்கள் கூடிப் பேசி, பாதுகாப்புச் சாதனமும் காப்பீடும் இல்லாமல் எந்த வேலையையும் ஒப்புக்கொள்வதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும். சேவையில் நாம் போட்டி போடலாம். கூலி ஆளின் கண்ணை வைத்துப் போட்டி போடக் கூடாது. இரண்டு, கண்ணாடி, கையுறை, முகத்தடுப்பு ஆகியவற்றை மொத்தமாகக் கொள்முதல் செய்து அடக்க விலைக்கே உறுப்பினர்களுக்கு வழங்க வேண்டும். மொத்தக் கொள்முதல் நமக்குக் கைவந்த கலை அல்லவா?

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பது பழமொழி. அந்த இளைஞன் இப்போது ஒரு கடையில் மூட்டை அடுக்குகிறான். நம்மைக் கண்டால் வணக்கம் சொல்கிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு ஒரு கண்ணாடியின் விலைதான் நினைவுக்கு வருகிறது. அடுத்த வேலைக்கு விலை சொல்லுமுன், அந்த விலையையும் சேர்த்துச் சொல்லுவோம்.