ஹாம் ரேடியோ: முதலில் செட்டா, சங்கமா?

போன வருடம் இந்நேரம் என் கையில் ஐயாயிரம் ரூபாய் இருந்தது. லீவில் பக்கத்து வீட்டுப் பசங்களுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம். அதில் ஒரு சீன வாக்கி டாக்கி வாங்குவதாக முடிவு செய்து, எந்த மாடல் என்பது வரை பார்த்து வைத்திருந்தேன். ஹாம் ரேடியோ ஆசை வந்த என் வயதுப் பையன்கள் நிறைய பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். முதலில் செட், மற்றதெல்லாம் பிறகு!

இது தலைகீழ் வழி என்பது என் கருத்து. முதலில் போக வேண்டியது கடைக்கு அல்ல, பக்கத்தில் இருக்கும் ஹாம் சங்கத்துக்கு. ஏன் என்று சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். அரசிடம் லைசென்ஸ் வாங்கிய தனி ஆட்கள், வியாபார நோக்கம் இல்லாமல், தங்கள் சொந்த ரேடியோ நிலையத்திலிருந்து ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதுதான் ஹாம் ரேடியோ. செல்போன் டவர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம், மாத பில்லும் கிடையாது. இந்தியாவில் லைசென்ஸ் கொடுப்பது மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை. அதற்கு ஒரு தேர்வு உண்டு. ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்பது ஒரு பகுதி, சட்ட விதிகள் இன்னொரு பகுதி. பாஸ் செய்து லைசென்ஸ் வந்தால் வியூ2 அல்லது வியூ3 என்று தொடங்கும் அழைப்புக்குறி ஒன்று கிடைக்கும். உலகத்தில் வேறு யாருக்கும் அந்தக் குறி இருக்காது!

சரி, என் கதைக்கு வருகிறேன். காலேஜ் சீனியர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைச் சங்கத்துக்குக் கூட்டிப் போனார். சங்கம் என்றதும் பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்யாதீர்கள். ஒரு வீட்டு மொட்டை மாடி அறை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பழைய செட். மின்வாரியத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். போன வேகத்தில், எந்த செட் வாங்கலாம் என்று கேட்டேன்.

"லைசென்ஸ் இருக்கா தம்பி?"

"இல்ல சார். மொதல்ல செட் வாங்கிட்டு, அப்புறமா எழுதலாம்னு..."

"லைசென்ஸ் இல்லாம அத வெச்சிருக்கறதே தப்பு. நீ பாட்டுக்குத் தெரியாம போலீஸ் அலைவரிசையில பட்டன அமுக்கிட்டா என்ன பண்ணுவ? செட்டு எங்கயும் ஓடிடாது. ஒரு மாசம் வந்து சும்மா உக்காந்து கேளு."

எனக்கு முகம் சுண்டிப் போய்விட்டது. எழுந்து வந்துவிடலாமா என்று கூடத் தோன்றியது. ஆனாலும் உட்கார்ந்தேன். நல்லவேளை!

40 மீட்டர் அலைவரிசையில் காலை 'நெட்' ஓடிக்கொண்டிருந்தது. நெட் என்றால் பலரும் ஒரே அலைவரிசையில் கூடி, ஒருவர் நடத்த, முறை வைத்துப் பேசுவது. இருபது பேராவது இருந்திருப்பார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் திறக்கவில்லை. நடுவில் இரைச்சலுக்குள்ளே ஒரு மெல்லிய குரல். நடத்துபவர் உடனே எல்லோரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்தக் குரலுக்கு முதலில் இடம் கொடுத்தார். மூன்று முறை திரும்பச் சொல்ல வைத்து அழைப்புக்குறியை வாங்கினார். பலவீனமாகக் கேட்பவருக்கு முதல் இடம் என்பதை நான் புத்தகத்தில் படித்திருந்தால் மறந்திருப்பேன். காதால் கேட்டதால் மறக்கவில்லை.

மூன்றாவது வாரம் ஆன்டெனா கட்டினோம். 468ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோல் ஆன்டெனாவின் மொத்த நீளம் அடியில் வரும். 7.1க்கு ஏறக்குறைய 66 அடி. சார் 68 அடி வெட்டச் சொன்னார். "கூட இருந்தா நறுக்கிக்கலாம், கொறஞ்சா ஒட்டுப் போடணும்" என்றார். மூங்கில் கழியில் ஏற்றிக் கட்டி, மீட்டரை வைத்துப் பார்த்தால், அனுப்பும் சக்தியில் கணிசமான பகுதி செட்டுக்கே திரும்பி வருகிறது. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்க நறுக்க, முள் இறங்கிக்கொண்டே வந்தது. ரெசொனன்ஸ் பற்றி செமஸ்டர் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி மார்க் வாங்கியவன் நான். அது என்னவென்று எனக்குப் புரிந்தது அந்த மொட்டை மாடியில்தான். செலவு? கம்பிக்கும் கயிற்றுக்கும் சில நூறு ரூபாய்.

"செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதுக்குடா?" என்று என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. 2004 டிசம்பரில் ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழு ஒன்று, பாரதி பிரசாத் தலைமையில், போர்ட் பிளேர் போயிருந்தது. அந்தமானிலிருந்து உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசுவதுதான் நோக்கம். 26ஆம் தேதி காலை பூகம்பமும் சுனாமியும் வந்தன. தொலைபேசித் தொடர்பு அறுந்தது. பொழுதுபோக்கை நிறுத்திவிட்டு, தீவுகளுக்கும் நாட்டின் மற்ற பகுதிகளுக்கும் இடையே செய்தி கடத்தும் வேலையில் அவர்கள் இறங்கினார்கள்.

இதைச் சொல்லி "ஆபத்துக்கு உதவும், ஒரு செட் வாங்கி வையுங்கள்" என்பார்கள் சிலர். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. அங்கே செட் மட்டும் இருந்து என்ன பயன்? மூன்று வாரமாக ராப்பகலாய் அதில் பேசிப் பழகிய ஆட்கள் இருந்தார்கள். இரைச்சலில் ஒரு பெயரையும் ஊரையும் தப்பில்லாமல் வாங்குகிற காது ஒரே நாளில் வராது. அட்டைப்பெட்டியோடு அலமாரியில் கிடக்கும் செட் வெள்ளம் வரும் நாளில் யாரையும் காப்பாற்றாது. வாராவாரம் பழகுவதற்கு ஓர் இடம் வேண்டும். அதுதான் சங்கம்.

சங்கங்கள் மேல் எனக்குக் குறையே இல்லை என்று நினைக்காதீர்கள். முதல் நாள் அவர்கள் பேசிய கியூ.ஆர்.எம், கியூ.எஸ்.எல் எதுவும் எனக்குப் புரியவில்லை, யாரும் விளக்கவும் இல்லை. (முதலாவது குறுக்கீடு, இரண்டாவது பேசியதற்குச் சான்று. அவ்வளவுதான் விஷயம்!) நான் போகும் சங்கத்தில் பெண்கள் ஒருவர் கூட இல்லை. எங்கள் காலேஜிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இப்படி ஒன்று இருப்பது எங்கள் டிபார்ட்மென்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்களும் வந்து சொன்னதில்லை, நாமும் தேடிப் போனதில்லை. அங்கே என்னைத் தவிர முப்பது வயதுக்குக் கீழே இருப்பது என் சீனியர் ஒருவர்தான். சாருக்கு எழுபது தாண்டிவிட்டது. அன்றைக்குத் தேர்வுக்காகக் கற்ற மோர்ஸை இன்றும் விரலால் மேஜையில் தட்டிக்கொண்டே பேசுகிறார். அவர் கையில் இருப்பதை வாங்கிக்கொள்ள நாலு பசங்களாவது போக வேண்டாமா?

நான் தேர்வு எழுதிவிட்டேன். அழைப்புக்குறிக்காகக் காத்திருக்கிறேன். அந்த ஐயாயிரத்தில் பெரும்பகுதி இன்னும் பேங்கில்தான் இருக்கிறது. செட் வாங்கத்தான் போகிறேன், ஆனால் எதை, எதற்காக என்று தெரிந்து வாங்குவேன். அதுவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடி அறையில் ஒரு நாற்காலி எனக்கு உண்டு. இன்னும் இரண்டு நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது நண்பர்களே!

ஹாம்கள் விடைபெறும்போது வாழ்த்தாக ஓர் எண் சொல்வார்கள். அதையே நானும் சொல்லி முடிக்கிறேன். 73!